இருபத்தெட்டும் இருபத்தொன்பதும்

என் அருமை வத்சலா,

சயான் பாலத்தை இடித்துவிட்டார்கள். பழசாகிப் போயிற்றாம், கீழே இன்னும் தண்டவாளம் போட வேண்டுமாம். தாராவியிலிருந்து பஸ் பிடிக்க இப்போது சுற்றிக்கொண்டு போகிறேன். பஸ்ஸிலும் ஏசி வந்துவிட்டது. செம்பூர் தாண்டியதும் நீ துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு, "வந்தாச்சு நம்ம ஆபீஸ்" என்பாயே, அந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நெடி இப்போது உள்ளே வருவதில்லை. ஜன்னல்தான் திறக்காதே.

உன்னிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. அதை எடுத்த எடுப்பில் சொல்ல மனம் வரவில்லை. நடந்ததை முதலிலிருந்து ஒருமுறை சொல்லிக்கொண்டு வந்து, பிறகு சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இதை இன்னும் சிலரும் படிக்கப் போகிறார்கள். நீ யாரென்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். செம்பூருக்கு அப்பால் அந்த இன்ஸ்டிடியூட், இரண்டாவது மாடி, ஜன்னலோர மேஜை. நீ மாட்டுங்கா, கோயிலுக்குப் பின்னால் மூன்று தலைமுறையாக இருக்கும் பாலக்காட்டுக் குடும்பம். நான் தாராவி, தொண்ணூறடி ரோட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரரின் மகள். இரண்டு பேரும் தமிழ் என்று மற்றவர்கள் நம்மைச் சேர்த்து உட்கார வைத்தார்கள். நான் முதல்முதலாக உன்னை "ஏட்டி" என்று கூப்பிட்டபோது திட்டுவதாக நீ நினைத்துவிட்டாய். ஒரு வாரம் கழித்து நீயே என்னை "ஏட்டி" என்றாய், அதையும் தப்பான ராகத்தில்.

ஒருநாள் என் டப்பாவில் அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டாள். திறந்ததும் பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து போனார்கள். நீ மட்டும் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து மறுபடி என் எதிரில் உட்கார்ந்தாய். "வாசனை நன்னாத்தான் இருக்கு. திங்கத்தான் முடியாது" என்று சொல்லி உன் மோர்சாதத்தைப் பிசைந்தாய். அன்றுதான் நீ எனக்குச் சிநேகிதி ஆனாய் என்று இப்போது தோன்றுகிறது.

நம் வேலையை என் அப்பாவுக்குப் புரிய வைக்க நான் பட்ட பாடு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? புகையோடு போகும் கார்பன் டை ஆக்சைடை வெயிலைக் கொண்டு மறுபடி உபயோகமான பொருளாக மாற்றுவது என்றேன். அதிலிருந்து ஓர் ஆக்சிஜனைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது கார்பன் மோனாக்சைடு. மூச்சில் போனால் ஆளைக் கொல்லும், ஆனால் ஆலைக்காரனுக்கு அது எரிபொருள் செய்ய உதவும் சரக்கு. கழற்றும் வேலையைச் செய்ய ஒரு வினையூக்கி வேண்டும். நம்முடையது நடுவில் ரீனியம் என்ற உலோகம் வைத்த ஒரு சிறு மூலக்கூறு. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், "எம்மவ புகையில இருந்து எரிபொருளு எடுக்கா" என்று சொல்ல ஆரம்பித்தார்.

அந்த மூலக்கூறைக் கரைசலில் மிதக்கவிட்டால் ஒன்றோடொன்று மோதிச் சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால்தான் நாம் கண்ணாடித் தகட்டில் டைட்டானியம் ஆக்சைடைப் பூசி, அதன்மேல் அவற்றைக் கால் ஊன்றி நிற்க வைத்தோம். இரண்டு பாஸ்பரஸ் கால்கள். நீ அதற்கு ரெண்டுகாலி என்று பேர் வைத்தாய். பக்கத்திலேயே ஒரு சாயத்தையும் ஒட்ட வைத்தோம். சாயம் வெளிச்சத்தை வாங்கி எலெக்ட்ரானை ஆக்சைடுக்குள் தள்ளும், ஆக்சைடு அதை ரெண்டுகாலியிடம் சேர்க்கும். "ட்ரெயின்ல லேடீஸ் டப்பால கைப்பிடியைப் பிடிச்சுண்டு நிக்கறா மாதிரி" என்பாய் நீ. "அவாஅவா இடத்துல நின்னா இடிச்சுக்க வேண்டாம். பாதி வழியில கையை விடாம இருக்கணும், அவ்ளோதான்."

பாதி வழியில் விட்டுவிடுவதுதான் தொல்லையாக இருந்தது. ஈரம் பட்டால் கால் நழுவும். எத்தனை தகடு பூசினோம்! பூச்சு என் வேலை, அளவெடுப்பது உன் வேலை. என் கை நடுங்காது, உன் கண் ஏமாறாது என்று கைடு சார் சொல்வார். அவர் பாராட்டிப் பேசுவது அபூர்வம்.

சாயங்காலம் சயானில் இறங்கியதும் நீ என்னோடு பாலத்தின் உச்சி வரை நடந்து வருவாய். அங்கே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, "ரெண்டு ட்ரெயின் பாத்துட்டுப் போறேன்" என்பாய். கீழே கல்யாண் வண்டியும் தாதர் வண்டியும் போகும். பிறகு நீ மாட்டுங்கா பக்கம் திரும்பிவிடுவாய், நான் தாராவிப் பக்கம் இறங்கிவிடுவேன். மூன்று வருடத்தில் ஒருநாள்கூட நீ பாலத்தின் அந்தப் பக்கம் இறங்கியதில்லை. வீட்டுக்கு வா என்று நான் கூப்பிடும்போதெல்லாம் இன்னொரு நாள் என்பாய். நான் அதற்கு எனக்குத் தோன்றிய அர்த்தத்தை வைத்துக்கொண்டேன், வெளியில் சொல்லவில்லை.

மூன்றாவது வருடம், மழை ஓய்ந்த சமயம், நம் குப்பியில் கார்பன் மோனாக்சைடு வந்தது. வாயுவைப் பிரித்துக் காட்டும் கருவியின் திரையில் அந்த மேடு எழுந்ததும் நான் உன்னைக் கட்டிக்கொண்டேன். கைடு சார் அடுத்து வரும் மாநாட்டில் சொல்லிவிடலாம், கட்டுரையையும் உடனே எழுதிவிடு என்றார். என் உதவித்தொகை முடிய ஐந்து மாதம்தான் இருந்தது. தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டாரை, "புள்ள பேப்பரு வரட்டும், அவ டாக்டராவட்டும்" என்று அப்பா நிறுத்தி வைத்திருந்தார். எல்லாம் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்ததாக நான் நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து நீ என் மேஜைக்கு வந்து நின்றாய்.

"வடிவு, ரெண்டுகாலி கையிலேயே மூணு கார்பன் மோனாக்சைடு இருக்கே. நமக்கு வர்றது அது இல்லேன்னு எப்படித் தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. நாம் செய்த அந்த மூலக்கூறின் ரீனியத்தில் பிறவியிலேயே மூன்று கார்பன் மோனாக்சைடு ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சம் பட்டு அவை கழன்று வந்தாலும் திரையில் அதே மேடுதான் எழும். இருட்டில் வைத்தால் ஒன்றும் வரவில்லை என்றேன். அவை கழன்று வருவதற்கும் வெளிச்சம்தானே வேண்டும் என்றாய். ஒரு மூலக்கூறுக்கு மூன்றுக்கு மேலேயே வந்திருக்கிறதே என்றேன். தகட்டில் எத்தனை மூலக்கூறு ஒட்டியிருக்கிறது என்று நாம் எண்ணியது வெறும் உத்தேசம்தானே என்றாய்.

உனக்குத் தெரியாத ஒன்று அப்போது என்னிடம் இருந்தது. கார்பன் டை ஆக்சைடே இல்லாமல், ஆர்கான் வாயு மட்டும் நிரப்பிய ஒரு குப்பியை நான் தனியாக, வெயில்போல் வெளிச்சம் தரும் நம் விளக்குக்கு முன் வைத்துப் பார்த்திருந்தேன். அதிலும் கொஞ்சம் வந்திருந்தது. குப்பியைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நோட்டில் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். தெரிந்தே செய்த பொய் என்று அதைச் சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள விரும்பவில்லை, அவ்வளவுதான்.

நீ சொன்ன வழி சுலபமானது. சாதாரணக் கார்பனைவிடக் கொஞ்சம் கனமான கார்பனால் செய்த கார்பன் டை ஆக்சைடு பக்கத்துக் கட்டிடத்தில் ஒரு சின்ன சிலிண்டரில் இருந்தது. அதைக் குப்பியில் நிரப்பிச் செய்து பார்ப்பது. வருகிற கார்பன் மோனாக்சைடின் எடை இருபத்தொன்பது என்றால் அது நாம் ஊட்டிய வாயுவிலிருந்து வந்தது. இருபத்தெட்டு என்றால் வேறெங்கிருந்தோ வந்தது. ஒரே ஒரு சோதனை. அதைச் செய்யும்வரை கட்டுரையில் உன் பேரைப் போட வேண்டாம் என்றாய்.

அன்று மத்தியானம் கேன்டீனில் நான் சொன்னதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

"உனக்கென்னட்டி, இது இல்லேன்னா இன்னொண்ணு. எனக்கு இது ஒண்ணுதான். மூணு வருசமா பாலத்து உச்சி வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போறவதான நீ? ஒருநாளாவது எங்க பக்கம் கால வச்சிருக்கியா?"

நீ பாதி சாப்பிட்ட டப்பாவை மூடினாய். மூடி சரியாக உட்காரவில்லை, இரண்டு தடவை அழுத்தினாய். பிறகு எழுந்து போனாய். நீ ஏன் அன்றைக்கே சொல்லவில்லை, வத்சலா? ஒரு வார்த்தை போதுமே.

இரண்டு வாரம் நாம் பேசவில்லை. நீ முந்தின பஸ்ஸில் போனாய், நான் அடுத்த பஸ்ஸில் வந்தேன். உன் முகத்தில் விட்டெறிய வேண்டும் என்பதற்காகவே நான் அந்தச் சோதனையைச் செய்ய முடிவு செய்தேன். சனிக்கிழமை, பாதிப்பேர் லீவு. காலையில் கனமான வாயுவை நிரப்பி விளக்குக்கு முன் வைத்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு எடை பார்க்கும் கருவியில் ஏற்றினேன்.

இருபத்தெட்டு. இருபத்தொன்பது இருக்க வேண்டிய இடம் தரையோடு தரையாகக் கிடந்தது. ரெண்டுகாலி காற்றிலிருந்து எதையும் எடுக்கவில்லை. தன்னிடம் இருந்ததைத்தான் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. நான் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? திரும்பி, அறையில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் இல்லை. அந்தத் தாளை மட்டும் அச்செடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடையில் உட்கார்ந்திருந்தேன். துவரம்பருப்பு வாங்க வந்த ஒரு அம்மாவிடம் அப்பா என்னைக் காட்டி எரிபொருள் கதையைச் சொன்னார். அந்த அம்மா என் கன்னத்தைத் தொட்டு விரலுக்கு முத்தம் வைத்துக்கொண்டாள். நான் சோதனை செய்தது யாருக்கும் தெரியாது. செய்யவே இல்லை என்று சொல்லலாம். சிலிண்டர் தீர்ந்துபோயிற்று என்று சொல்லலாம். ஒரு நாள் முழுக்க என்னென்ன சொல்லலாம் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் மாட்டுங்காவுக்கு வந்தேன். பூக்கடைகளில் மல்லிகைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். காபிக்கொட்டை அரைக்கும் வாசனை தெரு முழுக்க. உன் அம்மா கதவைத் திறந்து, "வாடிம்மா, ரெண்டு வாரமா காணோமே" என்றாள். நீ கட்டிலில் மூன்று தலையணையை முதுகுக்கு அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். சளி என்றாய். நான் அதையும் நம்பினேன்.

தாளை உன்னிடம் கொடுத்தேன். நீ ஜன்னல் பக்கம் திருப்பி நெடுநேரம் பார்த்தாய்.

"வேற யார் பாத்தா?"

"யாரும் பாக்கல. நான் மட்டுந்தான்."

"இப்போ நானும் பாத்தாச்சு" என்றாய். "இனிமே நீ இதைத் தனியா வெச்சுண்டு திண்டாட வேண்டாம்."

அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. ஆர்கான் குப்பி விஷயத்தையும் சொன்னேன். நீ திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். நீயோ ஒரு பென்சிலை எடுத்து, தகட்டில் உண்மையில் எத்தனை மூலக்கூறு இருந்திருக்கும் என்று தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டாய். ஒரு மூலக்கூறுக்கு வந்த கார்பன் மோனாக்சைடு மூன்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. "பாரேன், எவ்ளோ அழகா பொருந்தறது" என்றாய். நம் மூன்று வருட உழைப்பு போன கணக்கை அழகு என்று சொல்ல உன்னால்தான் முடியும். நான் அழுதுகொண்டே சிரித்தேன். உன் அம்மா காபியோடு வந்து நின்று, இதுகளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தாள்.

மறுநாள் கைடு சாரிடம் இருவருமாகப் போனோம். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் மாநாட்டுக்குத் தயார் செய்து வைத்திருந்த பக்கங்களைத் திறந்து, நம்முடையதை ஒவ்வொன்றாக நீக்கினார். நீக்கி முடித்ததும், இதை மாநாட்டுக்கு முன்னால் கொண்டுவந்ததற்கு நன்றி என்றார். அவ்வளவுதான்.

அப்பாவிடம் சொல்வதுதான் எனக்குப் பெரிய மலையாக இருந்தது. நானும் வருகிறேன் என்றாய் நீ. அன்று பாலத்தில் ஏறும்போதே இரண்டு இடத்தில் நின்றாய். உச்சியில் வழக்கம்போலச் சுவரில் சாய்ந்தாய். நீ திரும்பிவிடுவாய் என்றே நினைத்தேன். ஒரு வண்டி போனது, இன்னொரு வண்டி போனது. "சரி, வா" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் இறங்கினாய்.

அப்பா உனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நீ மூச்சு வாங்கி முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாய். "அங்கிள், வடிவு ஒரு தப்பைக் கண்டுபிடிச்சிருக்கா."

"யாரு செஞ்ச தப்பும்மா?"

"நாங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்சது."

நான் உன்னைப் பார்த்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. அப்பா தராசுத் தட்டைத் துணியால் துடைத்தார்.

"அப்ப புகையில இருந்து எரிபொருளு வராதா, தாயி?"

"வரும் அங்கிள். இன்னும் வரல்லே."

"சரி. கேக்கவங்ககிட்ட இன்னும் வரலன்னு சொல்லிக்கிடுதேன்."

அப்படியே சொல்லவும் செய்தார். இன்றுவரை சொல்கிறார். நீ கிளம்பும்போது உன்னை நடக்கவிடாமல் டாக்சி பிடித்து ஏற்றிவிட்டார். டாக்சி போனதும் என்னிடம், "அந்தப் புள்ளைக்கு மூச்சு வாங்குதுட்டி. கூடவே திரியுத, நீ கவனிக்கலியா?" என்றார். மறுநாள் உன்னிடம் கேட்டேன். வெயிட் போட்டுட்டேன் என்று வயிற்றைத் தட்டிக் காட்டினாய்.

என் உதவித்தொகை முடிந்தது. காட்கோபரில் ஒரு கோச்சிங் கிளாஸில் வேதியியல் சொல்லிக்கொடுக்கப் போனேன். தூத்துக்குடிக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்பதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன், நீ போனில் ஐந்து நிமிடம் சிரித்தாய். வாரா வாரம் நீ கூப்பிடுவாய். எந்தத் தகடு உரிந்தது, எந்தச் சாயம் வெளுத்தது என்று சொல்வாய். கிளாஸ் முடிந்து ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், வடாபாவ் வண்டிகளுக்கு நடுவே நின்று அதைக் கேட்பேன். அந்த வாரத்தில் நான் எதையாவது உண்மையாகக் கேட்டேன் என்றால் அந்த அரைமணி நேரம்தான்.

ஒருநாள் தகட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு, "அடுத்த வாரம் பேச முடியாது. ஒரு ஆபரேஷன் இருக்கு" என்றாய். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்து வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிற்று, இத்தனை நாள் மாத்திரையில் ஓட்டியாயிற்று, இனி மாற்றியே ஆக வேண்டும் என்றாய். மாடிப்படி மாதிரி எதுவும் ஏறக் கூடாது என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார், ஆபீஸில் இரண்டு மாடிக்கும் லிஃப்டுக்கு நின்றது அதனால்தான் என்பதையும் சொன்னாய்.

எனக்குப் பாலம் கண்ணில் வந்தது. மூன்று வருடம் என்னைக் கொண்டுவிட அந்த ஏற்றம் ஏறியிருக்கிறாய். இறங்கினால் திரும்ப அதே ஏற்றத்தை ஏற வேண்டுமே என்றுதான் உச்சியில் நின்றிருக்கிறாய். நான் போனில், "வத்சலா, அன்னைக்கி கேன்டீன்ல" என்று ஆரம்பித்தேன். "அதை விடு, அந்தப் பூச்சு எத்தனை டிகிரில சுட்டே, எனக்கு சரியா வர மாட்டேங்கறது" என்று நீ பேச்சை மாற்றினாய். டிகிரியைச் சொன்னேன். ஆபரேஷன் முடிந்து வரட்டும், நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

ஆபரேஷன் நடந்த மூன்றாம் நாள் காலையில் உன் அம்மாவின் போன் வந்தது.

பதினைந்து நாள் கழித்து கைடு சார் என்னை வரச் சொன்னார். உன் ஆராய்ச்சி நோட்டை என் முன் வைத்தார். கடைசிப் பக்கங்களில், தன்னிடம் கார்பன் மோனாக்சைடே இல்லாத ஒரு கோபால்ட் மூலக்கூறை எடுத்துக்கொள்ள வேண்டும், அதன் கால்கள் நழுவாதபடி மேலே மிக மெல்லிய ஆக்சைடு போர்த்த வேண்டும் என்று படம் போட்டிருந்தாய். எல்லாம் ஆங்கிலத்தில். ஓரத்தில் ஒரே ஒரு வரி தமிழில்: "பூச்சுக்கு வடிவு கைதான் சரி. அவளைக் கூப்பிடணும்." சாருக்குத் தமிழ் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துச் சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து வந்துவிடு என்றார்.

இரண்டு வருடம் ஆயிற்று, வத்சலா. போர்வை தடித்தால் மூலக்கூறு மூச்சுமுட்டி வேலை செய்யவில்லை. மெலிந்தால் கால் நழுவியது. நடுவில் ஓர் அளவு இருந்தது, அதைக் கண்டுபிடிக்க ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிற்று. வந்தது நிஜமா என்று ஒவ்வொரு தடவையும் உன் குரலில் என்னை நானே கேட்டுக்கொண்டேன். ஆர்கான் குப்பியை முதல் குப்பியாக வைத்தேன். அதில் ஒன்றும் வராத பிறகுதான் அடுத்ததைத் தொட்டேன்.

போன மாதம் கனமான வாயுவை நிரப்பினேன். கருவியில் ஏற்றுவதற்கு முன் சாரையும், எங்கள் அறையிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டுப் பின்னால் நிற்க வைத்தேன். எதற்கு என்று கேட்டார்கள். தனியாகப் பார்க்க எனக்குப் பயம் என்றேன், அது உண்மை. இருபத்தொன்பது வந்தது, வத்சலா. நெட்டுக்குத்தாக எழுந்தது. இருபத்தெட்டு அதன் காலடியில் ஒரு துளி, அவ்வளவுதான். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். யாரோ கைதட்டினார்கள். எனக்கு உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

வியாழக்கிழமை தோறும் நான் உன் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். மார்க்கெட்டில் சேனையும் வாழைக்காயும் வாங்கிக் கொடுத்துவிட்டு வருவேன். போன வாரம் கட்டுரையின் முதல் பக்கத்தை எடுத்துப் போனேன். உன் பேரைத் தொட்டுப் பார்த்தாள் மாமி. பிறகு பேரின் தலைக்கு மேல் இருந்த சின்ன அடையாளத்தைக் காட்டி, "இது என்னது, கத்தியாட்டமா?" என்று கேட்டாள். காலமானவர்கள் என்பதைக் காட்ட அப்படிப் போடுவது வழக்கம் என்றேன். அது இல்லாமல் போட முடியாதா என்றாள். கேட்டுப் பார்க்கிறேன் மாமி என்றேன். உள்ளே போய்க் காயைக் கூடையில் எடுத்து வைத்துவிட்டு வந்தாள்.

"வேண்டாம், கேக்காதே. நெஜத்தைன்னா போடணும்? அவளும் அதைத்தான் சொல்லுவள்" என்றாள்.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அன்று கேன்டீனில் சொன்னதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை. நீ பாலம் இறங்கி வந்ததும், அப்பாவிடம் என் தப்பில் பாதியை எடுத்துக்கொண்டதும், இனி கேட்க வேண்டியதில்லை என்று என்னைச் சமாதானப்படுத்திவிட்டன. அப்படி இருந்தது தப்பு. என்னை மன்னித்துவிடு, வத்சலா. உனக்கு மூச்சு முட்டியது எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவும் இல்லை.

நம் வேலை முடிந்துவிடவில்லை. எலெக்ட்ரான் கொடுப்பதற்கு இன்னும் ஒரு மருந்தைக் கலக்கத்தான் வேண்டியிருக்கிறது. அது தீர்ந்தால் வேலையும் நின்றுவிடும். அந்த இடத்தில் வெறும் தண்ணீரை வைக்கிற நாளில்தான் இது எரிபொருள் என்று சொல்லிக்கொள்ள முடியும் என்பாய் நீ. அப்பாவிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன். பாதி வந்திருக்கிறது என்று இப்போது கடையில் சொல்கிறார்.

நேற்று நான்கு தகடுகளைப் பஞ்சில் சுற்றி, நம்மை அறியாத வேறொரு ஊர் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டேன். அவர்கள் தங்கள் கையால், தங்கள் கருவியில் செய்து பார்க்கட்டும். அதுவரை கட்டுரை என் மேஜையிலேயே இருக்கும். சாரும் சரி என்றுவிட்டார். இருபத்தொன்பது என்று பதில் வந்தால் நம் இருவர் பேரோடும் அனுப்புவேன். இருபத்தெட்டு என்று வந்தால் அதையும் நம் இருவர் பேரோடுதான் எழுதுவேன். வருகிற தாள் எதுவானாலும் அதை மடித்துப் பையில் வைத்துக்கொள்ள மாட்டேன். உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இது.

உன்னோடு பிறக்காத உன் தங்கை,
வடிவு